வேலாத்தா வாங்கிய போனஸ் பங்கு

ஒரு காட்டில் ஒரு கடலைக் கம்பெனி இருந்தது. காட்டில் எதற்குக் கம்பெனி என்று கேட்காதீர்கள், நாட்டில் எதற்கு என்று யாராவது கேட்டார்களா? தலைவர் கரடி மாரப்பன். கணக்கு பார்ப்பது மரநாய். முயல், மயில், முள்ளம்பன்றி என்று காடு முழுக்கப் பங்குதாரர்கள்தான். அதில் ஒருத்தி காட்டுக்கோழி வேலாத்தா. புருஷன் வல்லூறிடம் மாட்டிச் செத்தபிறகு அவன் வைத்திருந்த பத்துப் பங்கு அவள் பெயருக்கு வந்தது.

வருஷா வருஷம் பங்குனியில் கம்பெனி தன் லாபத்தைக் கடலையாகவே அளந்து கொடுக்கும். அதற்கப்புறம் கோடை. மண் இறுகிவிடும், கிளறினால் நகம்தான் பெயரும், புழு வராது. கிடைக்கிற கடலையை வைத்துத்தான் வேலாத்தா தன் குஞ்சுகளை ஆடி வரைக்கும் ஓட்ட வேண்டும்.

இந்த வருஷ மகாசபையில் கரடி எழுந்து தொண்டையைச் செருமிக்கொண்டது.

"இந்த வருஷம் கடலை கிடையாது. அதைவிடப் பெருசா ஒண்ணு! ஒவ்வொரு பங்குக்கும் இன்னொரு பங்கு போனஸ்!"

அடேயப்பா, என்ன கைதட்டல்! முயல் குட்டிக்கரணமே போட்டது. வேலாத்தா மட்டும் கைதட்டாமல் எழுந்தாள். நேராக மரநாயிடம் போனாள்.

"ஏனுங்க, எங்க கடலை எங்கீங்க?"

மரநாய் அவளைக் கிடங்குக்குக் கூட்டிப்போய் இரண்டு குழிகளைக் காட்டியது. "இது லாபக் குழிம்மா. இதிலிருந்து பங்கு பிரிச்சுத் தரலாம். அது மூலதனக் குழி. அதைத் தொடக்கூடாது, காட்டுச் சட்டம். போனஸ் கொடுத்ததால, அந்த அளவுக்குக் கடலையை இதிலிருந்து அதுக்கு மாத்திட்டோம்."

"மாத்துனதுல கடலை கூடிருச்சுங்களா?"

"இல்ல."

"கொறஞ்சுதுங்களா?"

"சேச்சே, ஒண்ணுகூட."

"எல்லாருக்குமே ரெண்டு மடங்கு குடுத்தா, எனக்கு மொத்தமா வர்ற கடலை?"

"அதேதான்."

"அப்ப என்னதானுங்க நடந்துச்சு?"

"முன்னாடி கேட்டா கொடுக்க வேண்டியிருந்தது. இனிமே கேட்டாலும் கொடுக்க முடியாது," என்றது மரநாய், கொஞ்சமும் கூச்சப்படாமல்.

வேலாத்தா ஓடிப்போய் சபையில் எல்லாவற்றையும் போட்டு உடைத்தாள். பழைய காலத்துக் கதையாக இருந்தால் மிருகங்களுக்குப் புத்தி வந்து கரடியை விரட்டியிருக்கும். இங்கே மயில் எரிந்து விழுந்தது: "நல்ல காரியம் நடக்கிற இடத்துல எதுக்குடி ஒப்பாரி? பிடிக்கலன்னா உன் போனஸைத் திருப்பிக் கொடுத்துட்டுப் போ!"

திருப்பிக் கொடுக்கவா? மற்றவர்களுக்கெல்லாம் இரண்டு மடங்காகி, தனக்கு மட்டும் பத்தே என்றால் இருப்பதிலும் பாதி போய்விடும். போனஸை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

புதுப் பங்குகளையாவது விற்கலாம் என்று சந்தைக்குப் போனால், காடே அங்கே விற்க நிற்கிறது. வாங்க ஓர் அணில் மட்டும்தான். அது ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பத்துப் பங்குக்கும் சேர்த்து ஒரு கைப்பிடிக் கடலை கொடுத்தது. அழுகையை அடக்கிக்கொண்டு வேலாத்தா வீடு வந்து சேர்ந்தாள்.

குஞ்சுகள் ஓடிவந்து மொய்த்துக்கொண்டன. ஆளுக்கு ஒரு கடலைக்கு மேல் கொடுத்தால் நாளைக்குக் கிடையாது. வேலாத்தா ஒரு நிமிஷம் யோசித்தாள். ஆளுக்கு ஒரு கடலையை எடுத்து, ஒவ்வொன்றையும் அலகால் கொத்தி இரண்டு பருப்பாகப் பிளந்து வைத்தாள்.

"இன்னிக்கு ஆளுக்கு ரெண்டு, கண்ணுங்களா!"

"ரெண்டா! ரெண்டா!" என்று குஞ்சுகள் சிறகடித்துக் குதித்தன. நேற்று வீட்டில் மிச்சமிருந்ததில் அவற்றுக்கு முழுசாக ஒன்றுதான் கிடைத்திருந்தது. கடைக்குட்டி மட்டும் தின்று முடித்துவிட்டு அம்மாவையே பார்த்தது.

"அம்மா, இன்னும் பசிக்குதே."

"ரெண்டு வாங்கிட்டுப் பசிக்குதுன்னு சொல்லக்கூடாது, சாமி," என்று அதைச் சிறகுக்குள் இழுத்துக்கொண்டாள் வேலாத்தா.

நீதி: பசித்தவர்களுக்குச் சோறு போடாதீர்கள், எண்ணச் சொல்லிக்கொடுங்கள். செலவும் மிச்சம், கைதட்டலும் கிடைக்கும்.