இணைப்பு: விலகல் கடிதம் ஒன்று

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய அண்ணாவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். அண்ணி உங்களை மாடிப்படி ஏற விடமாட்டார்கள், தெரியும்.

இத்துடன் ஒரு விலகல் கடிதம் வைத்திருக்கிறேன், வேலையிலிருந்து இல்லை, பதவி உயர்வுப் பரீட்சையிலிருந்து. எங்கள் லிஃப்ட் கம்பெனியின் தலைமை அலுவலகம் உங்கள் ஊரில்தானே, நீங்களே கொடுத்துவிடுங்கள். எனக்கு நேரில் போக முகமில்லை. பதினேழு வருஷமாக லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களுக்குப் போனில் சமாதானம் சொல்கிறேன். திங்கட்கிழமைப் பரீட்சையில் தேறினால் மேற்பார்வையாளர், லிஃப்டை நானே போய்ப் பார்க்கலாம். வயது வரம்பு இந்த வருஷத்தோடு முடிகிறது, இதை விட்டால் மறுபடி போன்தான். "வரலாறு படிச்சா என்ன, பத்தாம் வகுப்புக் கணக்கு போதும்" என்று இந்தப் பரீட்சைக்கான மாலை வகுப்பில் சேர்த்துவிட்டது நீங்கள். அதனால் என் புலம்பலைக் கேட்டுக்கொள்ள வேண்டியதும் நீங்கள்தான்.

முதல் கணக்கில் ஒரு ஏணி சுவரில் சாய்ந்திருக்கிறது. சுவரை வரைந்தேன், தரையை வரைந்தேன், ஏணியின் ஒவ்வொரு படியையும் வரைந்தேன். மாலை வகுப்பு வாத்தியார், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், எட்டிப் பார்த்து, "மேடம், சுவரை எடுத்துடுங்க. தரையையும் எடுத்துடுங்க" என்றார். "எடுத்தா ஏணி விழுந்துடாதா சார்?" "சுவருக்குப் பதிலா அது தள்ளுற பக்கம் ஒரு அம்புக்குறி போடுங்க, அது தாங்கும்." இருபத்திரண்டு வருஷக் குடும்ப வாழ்க்கையில் என்னை எது தாங்குகிறது என்று நான் யோசித்ததே இல்லை. அன்றைக்கு பஸ்ஸில் அதையே யோசித்து, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி ரெண்டு ஸ்டாப் போய்விட்டேன். அடுத்து சர்க்யூட். கரண்ட் எந்தப் பக்கம் போகுதுன்னு தெரியலைன்னா நாமே ஒரு பக்கம் வச்சுக்கணுமாம். தெரியாம எப்படி வச்சுக்கறது? பயந்துகொண்டே வைத்தால் விடை மைனஸ் ரெண்டு ஆம்பியர். மைனஸ்னா தப்பு இல்லையாம், கரண்ட் எதிர்ப்பக்கம் போகுதுன்னு மட்டும்தான் அர்த்தமாம். மைனஸைப் பார்த்தாலே நான்தான் ஏதோ தப்புப் பண்ணிட்டேன்னு தோணிடும், சின்ன வயசிலிருந்தே அப்படித்தானே நான், உடனே அழிச்சுட்டு மறுபக்கம் வச்சு முதல்ல இருந்து போடுவேன், பதற்றத்துல வேற கம்பியில மைனஸ் வரும், அதையும் அழிப்பேன். மூணு மணி நேர மாதிரித் தேர்வில் போட்டது ரெண்டு கணக்கு, தீர்ந்தது ஒரு முழு ரப்பர். பக்கத்து இருக்கை எலக்ட்ரீஷியன், "அக்கா, கரண்டே இவ்வளவு சுத்தாது" என்றார்.

நேற்று உங்கள் மாப்பிள்ளை ஹால் சுவரில் பல்பு மாற்ற ஏணியைச் சாய்த்தார். பத்துப் படி ஏணி. டேப் வைத்து நீளம் பார்த்து, மகளின் பாகைமானியால் கோணம் பார்த்து, கணக்கும் போட்டேன். ஏழாவது படியில் கால் வைத்தால் வழுக்கும் என்று வந்தது. சொன்னேன். "நீ கணக்குப் போட்டது ஏணிக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு ஏறினார், பல்பை மாட்டினார், ஆறாவது படியில் நின்றபடி ரெண்டு கையையும் விரித்துக் காட்டினார். "பாத்துக்க என்ஜினீயரம்மா, விழுந்தேனா?" விழவில்லை. யாராவது உறுதியாப் பேசிட்டா என் கணக்கு எனக்கே தப்பாத் தெரிய ஆரம்பிச்சுடுது அண்ணா. அங்கேயே உட்கார்ந்து விலகல் கடிதத்தை எழுதிவிட்டேன்.

அண்ணிக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசிகள். எல்லோரும் எந்தப் பக்கமும் சாயாமல் நன்றாக இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் குழப்பமான தங்கை

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது ஹாலில் பெரிய சத்தம். பல்புக்கு மேலே ஒட்டடை தெரிந்ததாம், ஏழாவது படிக்குப் போயிருக்கிறார். சோபாவில் விழுந்ததால் கணுக்காலில் வீக்கம் மட்டும், பதற வேண்டாம். "எட்டுன்னு சொல்லியிருந்தா தப்பிச்சிருப்பேன்ல" என்று என்மேல்தான் கோபம். ஐஸ் வைத்துவிட்டு வந்து கணக்கை இன்னொரு தடவை போட்டுப் பார்த்தேன். ஒரு இடத்தில் மைனஸ் வந்தது. அழிக்கவில்லை. உறைக்குள் இணைப்பைத் தேடாதீர்கள், அந்தக் கடிதத்தின் பின்பக்கத்தில்தான் கணக்கைப் போட்டேன்.