பெரியது பிளேட்டில் கொள்ளாது

தெரியாததைத் தெரியாது என்று சொல்வதற்கு வயிறு நிறைந்திருக்க வேண்டும். எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது, வயிறு நிறைந்திருக்கவில்லை. ஆகவே ஒரு சனிக்கிழமை காலை, அறுபது பேருக்கு முன்னால் நின்று கருந்துளைகளைப் பற்றி விளக்கம் கொடுத்தேன்.

தொண்ணூறுகளின் கடைசி, போர்க்காலம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். பளையில் தேங்காய் உரித்து, முள்ளிவாய்க்காலில் கரைவலை இழுத்து, இடம்பெயர்ந்தவர்களோடு இடம்பெயர்ந்து (சிலவேளை அவசியம் இல்லாதபோதும்), நெடுங்கேணிப் பக்கம் ஒரு குடியேற்றத்திட்டத்தில் வந்து நின்றேன். அங்கே ஓலைக்கொட்டில் பள்ளிக்கூடத்துக்கு விஞ்ஞானம் படிப்பிக்க ஆள் தேவை என்றார்கள். சம்பளம் இல்லை. ஆனால் பெற்றோர் முறைவைத்து இரண்டு நேரச் சாப்பாடு கொடுப்பார்கள். படுக்க ஒரு வகுப்பறை. நான் ஒழுகாத கூரைக்குக் கீழே படுத்து ஒரு மாதமாகியிருந்தது.

"எதுவரைக்கும் படிச்சனீர்?" என்று பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியரான அதிபர் கேட்டார்.

"ஓ.எல். எடுத்தனான், சேர். சேர்டிபிகேற் இடம்பெயரேக்கை துலைஞ்சு போச்சு." (ஓ.எல். என்பது பதினோராம் வகுப்புப் பொதுப் பரீட்சை. அந்தக் காலத்தில் எல்லாருடைய சேர்டிபிகேற்றும் துலைந்திருந்தது. என்னுடையது மட்டும் பிறக்காமலே துலைந்தது.)

அதிபர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சரி, சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். ஒரு பாடம் எடுத்துக் காட்டும். சோறு போடப்போறது அந்தப் பெற்றோர். அவைக்குப் பிடிச்சால் எனக்கும் சரி."

என்ன பாடம்? பூ, இலை என்று தொடங்கினால் கமக்காரர் என்னைப் பிய்த்து எறிந்துவிடுவார்கள். மாடு, மண், மழை எல்லாம் அவர்களுக்கு என்னைவிடத் தெரியும். எவரும் போய்ப் பார்த்துவிட்டு வந்து பிழை சொல்ல முடியாத ஓர் இடம் எனக்கு வேண்டும்.

அந்த இடம் வியாழக்கிழமை பின்னேரம் ரேடியோவில் கிடைத்தது. நான் ஒதுங்கியிருந்த கொட்டில் கந்தையா அண்ணையுடையது. பற்றரி கிடைக்காத காலம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, கையால் பெடலைச் சுற்றினால் டைனமோவில் ரேடியோ பேசும். கை நின்றால் அதுவும் நின்றுவிடும். அண்ணை சுற்ற, நான் கொப்பியும் பேனையுமாக இருந்தேன். ஏதோ வெளிநாட்டு வானொலியின் அறிவியல் நிகழ்ச்சி.

"சின்னஞ்சிறு விண்மீன் மண்டலங்களில் கருந்துளைகளைத் தேடும் விஞ்ஞானிகள், எக்ஸ்-கதிர்களின் உதவியுடன்..."

அண்ணை முதுகு சொறிந்தார்.

"...விண்ணில் மிதக்கும் தொலைநோக்கி..."

அண்ணை வெற்றிலை துப்பப் போனார்.

"...ஒளிகூடத் தப்ப முடியாது. வணக்கம்."

"அண்ணை, முக்கியமான இடத்திலை விட்டிட்டியள்!"

"உனக்கு முக்கியம். என்ரை தோள்மூட்டைக் கேட்டுப் பார். மிச்சத்தை நீயே போட்டு நிரப்பு."

நிரப்பினேன். ஒருமுறை கால் முறிந்து எனக்கு எக்ஸ்ரே எடுத்திருந்தார்கள். இதைவிட என்ன தகுதி வேண்டும்?

சனிக்கிழமை, பாலை மரத்தில் கரும்பலகையைச் சாய்த்து வைத்துத் தொடங்கினேன். "விண்மீன் மண்டலம் எண்டால் கோடிக்கணக்கான நட்சத்திரம் சேர்ந்த ஒரு ஊர். அதுக்குள்ளை எங்கையோ கருந்துளை ஒளிச்சிருக்கும். விஞ்ஞானிகள் என்ன செய்யினம்? தொலைநோக்கியை மேலை அனுப்பி, அங்கையிருந்து எக்ஸ்ரே அடிச்சுப் படம் எடுக்கினம். எலும்பிலை வெடிப்புத் தெரியிற மாதிரித் துளை தெரியும்!"

கூட்டம் வாயைப் பிளந்தது. முன்வரிசையில் ஒருவர் மனைவியிடம், "திங்கக்கிழமை எங்கட முறை. மீன் வாங்கோணும்" என்றது என் காதில் விழுந்தது. மீன் என்றதும் எனக்குத் தலைகால் தெரியவில்லை.

"ஏன் சின்ன மண்டலங்களிலை தேடினம்?" என்று நானே கேட்டு நானே பதிலும் சொன்னேன். "பெரியது பிளேட்டிலை கொள்ளாது!"

அப்போது தெய்வானை அக்கா எழுந்தார். மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர். நாற்று நடுகிறவர் என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். முன்னர் ஆறு வருடம் ஓர் ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையில் உதவியாளாக நின்றவர் என்பதை எவரும் எனக்குச் சொல்லவில்லை.

"சார், ஒரு சந்தேகங்க. எக்ஸ்ரேன்னா மிஷின் ஒரு பக்கம், பிளேட்டு மறுபக்கம், ஆளு நடுவுல. சரிங்களா?"

"ஓம் அக்கா."

"அப்ப நட்சத்திரத்துக்கு அந்தப் பக்கம் போயி பிளேட்டு வச்சது யாருங்க?"

அறுபது தலைகள் என் பக்கம் திரும்பின.

"அது... ரஷ்யாக்காரர்" என்றேன்.

"அவுங்க போய்ச் சேர எத்தன நாளு ஆகுமுங்க?"

"போகவர ரெண்டு மூண்டு மாசம் பிடிக்கும்."

அதிபர் இருமினார். அது தடிமன், சளி பிடித்த இருமல் அல்ல. "தம்பி, அந்த நிகழ்ச்சி நானும் கேட்டனான். என்ரை ரேடியோ மோட்டச்சைக்கிள் பற்றரியிலை ஓடுறது. இடையிலை நிக்கிறேல்லை."

பிறகு அவரே சொன்னார். எவரும் எங்கும் எக்ஸ்ரே அடிப்பதில்லை. கருந்துளை பக்கத்திலுள்ள வாயுவை இழுக்கிறது. உள்ளே விழுவதற்கு முன் அது சுழன்று சுழன்று கொதிக்கும்போது எக்ஸ்-கதிர் புறப்படுகிறது. தொலைநோக்கி அதைப் பிடிக்க மட்டும் செய்கிறது. சின்ன மண்டலங்களில் கருந்துளைகள் அதிகம் வளராமல் இருக்கலாம். அவற்றைப் பார்த்தால் பெரியவை எப்படித் தொடங்கின என்று ஊகிக்கலாம்.

"அப்படிச் சொல்லுங்க சார்! மிஷினு அங்க, பிளேட்டு நம்ம கையில" என்றார் தெய்வானை அக்கா. கூட்டம் கைதட்டியது. அந்தத் தட்டல் அவருக்கு.

முன்வரிசைக்காரர் மெதுவாகக் கேட்டார்: "அப்ப மீன் வாங்கவோ, விடவோ?"

கூட்டம் கலைந்ததும் நான் பையைத் தோளில் போட்டேன். அதிபர் மறித்தார்.

"உண்மையைச் சொல்லும். ஓ.எல். எடுத்தனீரோ?"

"இல்லை சேர். எட்டாம் வகுப்பு."

"இப்ப எங்கை போறீர்?"

"தெரியாது சேர்." (அன்று நான் சரியாகச் சொன்ன ஒரே பதில்.)

அவர் ஓலைக்கொட்டில் பக்கம் கைகாட்டினார். "இஞ்சை படிக்கிற ஆக்களுக்கு மத்தியானம் கஞ்சி உண்டு. காலமை கூட்டித் துப்புரவாக்கினால் வகுப்பறையிலை படுக்கலாம். ஒன்பதாம் வகுப்பிலை ஒரு இடம் இருக்கு."

கஞ்சி என்றார். அவ்வளவுதான், பையை இறக்கினேன். திங்கட்கிழமை, மீசையோடு ஒன்பதாம் வகுப்பில் போய் இருந்தேன். என் தலை கரும்பலகையை மறைக்கிறது என்று வகுப்புத் தலைவி என்னைக் கடைசி வரிசை வாங்குக்கு அனுப்பினாள். சில வருடங்களில் ஓ.எல். எடுத்து, விஞ்ஞானத்தில் சாதாரண சித்தியும், அதாவது மட்டுமட்டான பாஸும், பெற்றேன்.

என் மனைவி அந்தக் கூட்டத்தில் இருந்தவள் அல்ல. ஆனால் என்னைவிட நன்றாகக் கதை சொல்வாள். பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்குப் போனால் போதும், "ரீச்சர், இவரும் ஒருக்கால் படிப்பிக்கத்தான் போனவர். அரை மணித்தியாலத்திலை ஒன்பதாம் வகுப்புக்கு இறக்கிப் போட்டினம்" என்று தொடங்கிவிடுவாள். உண்மையில் எட்டிலிருந்து ஒன்பதுக்கு ஏற்றினார்கள் என்று நான் சொல்வதை இன்றுவரை ஒருவரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.