அட்ஜஸ்ட் ஒழிப்புச் சட்டம்

அவர் பஸ் டிப்போவில் பிரேக் மெக்கானிக். அங்கே ‘அட்ஜஸ்ட்’ என்றால் ஒரே அர்த்தம்தான். ஸ்பேனரை எடு, நட்டைத் திருகு. வீட்டுக்கு வந்தால் அதே வார்த்தைக்கு ஆயிரம் அர்த்தம். சாப்பாட்டில் உப்பு கூடினால் அட்ஜஸ்ட். துவைத்த சட்டை சுருங்கினால் அட்ஜஸ்ட். சோபாவில் மூன்று பேர் இருக்க, நாலாவதாக மாமியார் உட்கார்ந்தால் அதுவும் அட்ஜஸ்ட். எல்லா அர்த்தத்திலும் திருகப்படும் நட்டு அவரேதான்.

ஒரு சாயங்காலம் மனைவி ஆரம்பித்தாள்.

"என் தம்பிக்கு இந்த ஊர்லயே வேலை கிடைச்சிருக்கு. ஆறு மாசம் நம்ம சின்ன ரூம்ல இருக்கட்டும். நீங்க கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க."

சின்ன ரூமா! ஒரு மடக்குக் கட்டில், ஒரு ரேடியோ, உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். பூமிப்பந்தில் அவருக்கென்று மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

மனுஷர் எழுந்தே நின்றுவிட்டார்.

"இனிமே இந்த வீட்டுல அந்த வார்த்தையே கூடாது. யாரும் யாருக்கும் அட்ஜஸ்ட் பண்ண வேண்டாம்!"

"யாரும் யாருக்குமா?"

"யாரும் யாருக்கும்!"

"சரிங்க."

அவ்வளவுதான். புலி வரும் என்று கம்பெடுத்துப் போனவருக்குப் பூனைகூட வரவில்லை. மீசையை ஒரு முறுக்கு முறுக்கிக்கொண்டார்.

மறுநாள் காபி கசந்தது.

"சர்க்கரை?"

"தீர்ந்துபோச்சு. பக்கத்து வீட்ல கொஞ்சம் வாங்கி அட்ஜஸ்ட் பண்ணியிருப்பேன். அதான் சட்டம் வந்துடுச்சே!"

கசப்பு உடம்புக்கு நல்லது என்று குடித்தார். டிப்போவில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் காற்று இருந்தது. விடியறதுக்கு முன்னாடி எழுந்து சமைப்பதும் அட்ஜஸ்ட்மென்ட்தானாம். அதற்கும் அவர் அசரவில்லை. கேன்டீன் எதற்கு இருக்கிறது?

அப்போதுதான் அவருடைய அக்கா போன் பண்ணினாள். மாமா, நாலு பிள்ளைகள், நாய்க்குட்டி சகிதம் ஒரு வாரம் தங்க வருகிறாளாம். ரயில் ஏறியாகிவிட்டதாம்.

வீட்டுக்கு ஓடிவந்து விஷயத்தைச் சொன்னார். மனைவி நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டே சொன்னாள்: "தாராளமா வரட்டும். உங்க அக்காதானே! சமையல் நீங்க பாத்துக்குவீங்க."

"நானா? எனக்கு வெந்நீர் வைக்கிறதே தீயாம வராதே!"

"அதுக்கு?"

"இந்த ஒரு தடவை மட்டும் நீ கொஞ்சம்..."

"கொஞ்சம்?"

"அட்..."

"காதுல விழலைங்க."

"அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா!"

சட்டம் அந்த நிமிஷமே ரத்தானது. நஷ்ட ஈடாகச் சின்ன ரூம் போனது. அக்கா வந்தாள், மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டாள், இவளைப் போல உண்டா என்று தம்பி மனைவியைப் புகழ்ந்துவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தாள். அவரும் கட்டிலையும் ரேடியோவையும் கூடத்து மூலைக்குச் சுமந்தார். தோற்றாலும் மச்சானுக்குத்தானே விட்டுக்கொடுத்தோம் என்று ஒரு பெருந்தன்மை.

மூச்சு வாங்கி நிமிர்ந்தபோது, ரெண்டு ஆட்கள் ஆளுயரக் கண்ணாடி ஒன்றையும் சுழலும் நாற்காலி ஒன்றையும் சின்ன ரூமுக்குள் கொண்டுபோனார்கள்.

"உன் தம்பிக்கு எதுக்கு இவ்ளோ பெரிய கண்ணாடி?"

"அவனுக்கு ஆபீஸ்லயே வீடு குடுத்துட்டாங்க. இது என்னோட பார்லருக்கு. திங்கக்கிழமை திறக்கறேன்."

"பார்லரா! அதை முதல்லயே நேரா கேட்டிருக்கலாமே?"

"நேரா கேட்டா ‘யோசிச்சுச் சொல்றேன்’னு ரெண்டு வருஷம் இழுப்பீங்க. சண்டைன்னாதான் சீக்கிரமா தோத்துடுவீங்க."