நைட்டி நான்கு விரற்கடை

ஆள் பாதி, ஆடை பாதி என்று சொன்னவர் மாடு வளர்த்தவராக இருக்க முடியாது. எங்கள் செவலைப் பசுவுக்கு ஆள் என்று தனியாக ஒன்றும் கிடையாது; முழுக்க ஆடைதான். ஆறு வருடங்களுக்கு முன் ஒரு புதன்கிழமை காலையில் இதைத் தெரிந்துகொண்டேன். டைரியில் அந்தப் பக்கம் இன்னும் மடங்கியே இருக்கிறது.

என் மனைவி சரோஜா, தங்கை மகளின் சீருக்காகப் பொள்ளாச்சியில் இருக்கும் பிறந்த வீட்டுக்கு மூன்று நாள் கிளம்பினாள். கறக்கப் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிடவா என்றாள். அவசியமே இல்லை என்றேன். ஒரு வாரம் அவள் பின்னாலேயே நின்று பதினேழு குறிப்புகள் எழுதியிருந்தேன்: வெந்நீரின் சூடு, எந்தக் காம்பில் தொடங்குவது, தவிடு எத்தனை படி. (மீனாட்சிபுரத்தில் மாட்டுக்கு வரிசை எண் போட்டுக் குறிப்பு எழுதியவன் நான் ஒருவன்தான்.)

செவ்வாய்க்கிழமை காலை செவலை ஒரு சொட்டு விடவில்லை. மாலையிலும் அப்படியே. புதன் காலை மடி கல்லாக இறுகியிருந்தது. பால் தங்கினால் மடிநோய் வந்துவிடும். கௌரவத்தை ஓரமாக வைத்துவிட்டு சரோஜாவுக்குப் போன் செய்தேன்.

"ஏனுங்க, என்ன துணி போட்டிருக்கீங்க?"

வேட்டி என்றேன்.

"அப்புறம் எப்படிங்க விடும்? கொடியில என்ற நீல நைட்டி கெடக்குது பாருங்க. எடுத்து மாட்டிக்குங்க."

பதினேழு குறிப்பிலும் அது இல்லை. மாட்டிக்கொண்டேன். செவலை ஒரு முறை மோந்து பார்த்தது, பெருமூச்சு விட்டது, பாலை விட்டது. ஆறேகால் லிட்டர். பெருமிதத்தோடு மணி பார்த்தேன்: ஆறு ஐம்பத்திரண்டு. ஏழு மணிக்குப் பால் சொசைட்டியில் கதவைச் சாத்திவிடுவார்கள்.

நைட்டியின் ஜிப் பனியனைக் கவ்விக்கொண்டு மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. கத்தரிக்கலாம், ஆனால் அது சரோஜாவின் புது நைட்டி. ஆகவே நிதானமாகத் திட்டமிட்டேன். நைட்டிக்கு மேல் சட்டை, கழுத்துப் பொத்தான் வரை. இடுப்புக்குக் கீழே நைட்டியின் மேல் வேட்டி. பிறகு இரண்டையும் சேர்த்து முழங்காலுக்கு மடித்துக் கட்டினேன். கண்ணாடியில் பார்த்தேன். கொஞ்சம் தொப்பை போட்டவன் போலத்தான் தெரிந்தது.

ஆறு ஐம்பத்தெட்டுக்கு சொசைட்டியில் பால் ஊற்றினேன். வரிசையில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. காலிக் கேனோடு வெளியே வந்தபோது எதிரே பொள்ளாச்சி பஸ் நின்றது. அதிலிருந்து இறங்கினார் என் மாமனார். நான் மாட்டை என்ன பாடு படுத்துகிறேனோ என்று பயந்து, என் போனுக்கு முன்பே சரோஜா முதல் பஸ்ஸில் அவரை அனுப்பியிருக்கிறாள்.

மாமனாரைக் கண்டால் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் இதற்கு யாரும் யோசிப்பதில்லை. கை தானாகப் போகும். என் கையும் போனது.

வேட்டி கணுக்கால் வரை இறங்கியது. நைட்டி அங்கே நிற்கவில்லை. (சரோஜா என்னைவிட இரண்டு அங்குலம் உயரம். கல்யாணத்தின்போது இதைப் பற்றி இரண்டு வீட்டாரும் வாய் திறக்கவில்லை.) வேட்டிக்குக் கீழே நான்கு விரற்கடை நீலம், அதன் ஓரத்தில் மஞ்சள் ஃப்ரில். வரிசையில் நின்றவர்கள் இப்போது திரும்பிப் பார்த்தார்கள்.

மாமனார் மேலிருந்து கீழாக ஒரு முறை பார்த்தார். ஃப்ரில்லில் கொஞ்சம் நின்றார். ஐம்பது வருடம் மாடு வைத்திருந்தவர். சிரிக்கவில்லை.

"பால் உட்டுருச்சுங்களா மாப்பிள்ளை?"

விட்டுவிட்டது என்றேன். தலையாட்டிவிட்டு என் கையிலிருந்த கேனை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

அவர் யாரிடமும் சொல்லவில்லை என்றுதான் வெகுநாள் நம்பினேன். அடுத்த தீபாவளிக்கு மாமனார் வீட்டிலிருந்து எனக்கு வந்த துணிப் பையில் வேட்டி, சட்டை, அவற்றுக்கு அடியில் என் உயரத்துக்கு அளவாக ஒரு நைட்டி. பாக்கெட்டும் வைத்திருந்தார்கள், பேனா வைக்க.

இன்றும் அந்த வீட்டு வாசலில் கால் வைத்ததும் என் கை வேட்டி மடிப்புக்குப் போகும். உள்ளேயிருந்து மாமனாரின் குரல் வரும்: "வேண்டாமுங்க மாப்பிள்ளை. மரியாதை மேலயே இருக்கட்டும்."