பன்னிரண்டு மணிக்குக் கொடுத்த சம்மதம்

பசியோடு இருக்கிறவனைக் கலியாணப் பேச்சுக்கு அழைத்துப் போகக் கூடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொழும்பு கொட்டாஞ்சேனையில், வாய் திறந்து ஒரு வார்த்தை பேசாமலே என் தங்கைக்கு அவள் விரும்பாத கலியாணத்தை நிச்சயித்துவிட்டு வந்தவன் நான். ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்த மடையன் மீது எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

அப்போது நான் ஒரு தமிழ் நாளிதழில் உதவி ஆசிரியர். உடல்நலப் பக்கத்துக்காக, உடல் மெலிய ஒரு விரதமுறை பற்றிய கட்டுரையை மொழிபெயர்த்தேன். பதினாறு மணிநேரம் பட்டினி, எட்டு மணிநேரம் சாப்பாடு. வாசகர்கள் நம்பினார்களோ தெரியாது, மொழிபெயர்த்தவன் நம்பிவிட்டான். இரவு எட்டு முதல் மறுநாள் நண்பகல் வரை தண்ணீர் மட்டும். பன்னிரண்டு அடித்ததும் மணியடிக்கத் தொலைபேசியில் ஒரு செயலி. மூன்று வாரத்தில் இடுப்பு அப்படியே இருந்தது. கோபம் மட்டும் பெருத்தது. ஒரு காற்புள்ளிக்காகப் பக்கம் வடிவமைப்பவரோடு சண்டை பிடித்தேன்.

"எந்தச் சாமிக்கடா இந்த விரதம்?" என்று அம்மா கேட்டார்.

"வயித்துக்கு."

"நானும் கந்தசஷ்டிக்கு ஆறு நாள் இருக்கிறனான். ஒருத்தரிலயும் எரிஞ்சு விழுறேல்ல."

அப்பா இல்லாததால் கொட்டாஞ்சேனையில் மாப்பிள்ளை வீட்டுக்கு அம்மாவோடு நான்தான் போக வேண்டும். தங்கை வாசுகி ஓர் ஆய்வுகூடத்தில் இரத்தப் பரிசோதனை செய்பவள். எங்கள் வெள்ளவத்தை வீட்டு வாசலில் நின்று ஒன்றே ஒன்று சொன்னாள்: "வேலையை விடச் சொன்னா எழும்பி வந்திடுங்கோ."

எழும்பி வருவதற்கு எங்கள் ஆட்களிடம் ஒரு முறை உண்டு. பிடிக்கவில்லையென்றால் அந்த வீட்டில் கை நனைப்பதில்லை. 'சொல்லி அனுப்புறம்' என்று தண்ணீரோடு கிளம்பிவிடலாம், யாருக்கும் மனக்கசப்பில்லை. கை நனைத்தால் சம்மதம். (இதை எந்தப் பத்திரிகையிலும் போடத் தேவையில்லை, எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்!)

பதினொன்றே முக்காலுக்குத் தட்டுகள் வந்தன. கட்லட், வடை, பொன்னிறத்தில் சுருட்டிப் பொரித்த ரோல்ஸ். மாப்பிள்ளையின் தாய் சிரித்துக்கொண்டே சொன்னார்: "பிள்ளை இனி வேலைக்குப் போகத் தேவையில்லை. எங்கட வீட்டில அந்தப் பழக்கமில்லை."

அம்மா தட்டைக் கையால் தள்ளிவைத்தார். என் காலை மிதித்தார். நான் கோபப்பட்டிருக்க வேண்டிய இடம் அது. அந்த வாக்கியம் எனக்கு முழுதாகக் கேட்டது. ஆனால் நான் கோபப்பட்டுக்கொண்டிருந்தது சுவர்க் கடிகாரத்தோடு. இன்னும் எட்டு நிமிடம். இன்னும் மூன்று.

தொலைபேசி மணியடித்தது.

முதல் ரோல்ஸை எடுத்தது நினைவிருக்கிறது. நாலாவதில்தான் நிமிர்ந்து பார்த்தேன். மாப்பிள்ளையின் தகப்பன் எழுந்து நின்றிருந்தார்.

"பொம்பிளையின்ர தமையன் கை நனைச்சாச்சு. இனி என்ன கதை? சம்மதம்தானே!"

அம்மா என்னைப் பார்த்த பார்வையை வர்ணிக்க மாட்டேன். ஓட்டோவில் நாங்கள் வெள்ளவத்தை வந்து சேருமுன் மாப்பிள்ளை வீட்டார் செய்தியைப் பரப்பி, லண்டனிலிருந்து சித்தி வாசுகிக்கு வாழ்த்துச் சொல்லி முடித்திருந்தார்.

"அண்ணா, வேலையைப் பற்றி என்ன சொன்னவை?"

"விடச் சொன்னவை."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"ஒண்டும் சொல்லேல்ல. வாயில ரோல்ஸ் இருந்தது."

அவள் கத்தவில்லை. தொலைபேசியை எடுத்து அந்த வீட்டுக்கே பேசினாள். "மாமா, என்ர அண்ணா பசியில சாப்பிட்டவர், சம்மதத்தில இல்லை. நான் வேலையை விடமாட்டன்."

'சாப்பிட்டுவிட்டு மாறின சனம்' என்று கதை பரவியது. இரண்டு வருடம் வாசுகிக்கு எந்தப் பேச்சும் வரவில்லை. கோயிலில் அம்மாவோடு கதைத்தவர்கள் குறைந்தார்கள். அந்த வீட்டார் சொன்ன நிபந்தனை ஒருவருக்கும் பெரிதாகப் படவில்லை, நான் தின்ற நாலு ரோல்ஸ்தான் ஊர் முழுக்கக் குற்றம். அதை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன். குற்றம் என்னுடையது என்பதால் இன்னும் பலமாக.

பிறகு தன்னோடு வேலை செய்த கல்கிசைப் பையன் ஒருவனை அவளே சொன்னாள். பேசப் போகும் நாள் காலை என் முன்னால் புட்டும் கறியும் வைத்து, முடியும்வரை பக்கத்தில் நின்றாள். "அங்க போய் உங்கட வயிறு முடிவெடுக்கக் கூடாது."

விளைவு, அம்மா கண்ணால் 'சாப்பிடு, சாப்பிடு' என்று கெஞ்சியபோது எனக்குத் தொண்டையில் இடமில்லை. அரைக் கட்லட்டைத் தண்ணீரோடு விழுங்கிச் சம்மதம் தெரிவித்தேன்.

இப்போது எந்த விருந்திலும் வாசுகியின் கணவர் தொடங்கிவிடுவார்: "வேண்டாம் எண்ட வீட்டில மச்சான் நாலு ரோல்ஸ். எனக்கு அரைக் கட்லட்!"

எல்லோரும் சிரிப்பார்கள். வாசுகியும் சிரிப்பாள். ஆனால் அதற்கு முன் ஒரு கணம் என் தட்டைப் பார்ப்பாள்.