கயிறு மாறாத பசு

மிஷன் பெண்கள் பள்ளிக்கூடம்,
நந்திதுர்க்,
1906 டிசம்பர் 19.

அன்புள்ள தம்பி சுந்தரராஜுக்கு அக்காள் லூயிசா எழுதுவது.

தேவன் தயவால் இங்கே நான் சுகம். முழங்கால் மட்டும் பனியைப் பற்றிப் புகார் சொல்கிறது. அங்கே நீயும் பாக்கியவதியும் பிள்ளைகளும் சுகமாயிருப்பதை எழுது. நீ அனுப்பிய காலண்டர் கிடைத்தது. புதுப் பசு வந்ததிலிருந்து உங்கள் வீட்டுக் காப்பிக்கே ருசி கூடிவிட்டது என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். கறக்கப் போனால் பாக்கியவதியை உதைக்கிறது என்றும் எழுதியிருந்தாய், வருத்தம். வக்கீல் வீட்டுக்கு வந்த பசுவுக்கு வழக்காடும் புத்தியும் வந்திருக்கலாம்.

இன்று நான் எழுதுவது வேறொரு பசுவைப் பற்றி.

பூதிகோட்டை பார்வதம்மாவை நீ மறந்திருக்கமாட்டாய். ராஜப்பாவின் மனைவி. ராஜப்பா காலமாகி நான்கு வருஷம் ஆகிறது. ஆவணி மாதம் அவள் தன் ஒரே பசுவை முனிரத்தினம் என்ற மாட்டு வியாபாரியிடம் நாற்பது ரூபாய்க்குக் கொடுத்தாள். தங்கச் சுரங்கத்தில் சம்பளம் போடும் சனிக்கிழமை பணம் தருகிறேன் என்றான் அவன். அதன்பின் நான்கு சம்பளம் போட்டாகிவிட்டது. ஏரிக்கரையில் அவளுக்கு இருக்கும் துண்டு நிலமோ பவுரிங்பேட்டை சாகுகாரிடம் அடகில் இருக்கிறது. சங்கராந்திக்குள் நாற்பது ரூபாய் கட்டாவிட்டால் நிலம் அவனுக்குப் போய்விடும். அதை விட்டால் அவளுக்கு வேறு எதுவுமில்லை.

போன மாதம் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றாள். "டீச்சரம்மா, நீ பட்டணம் போயி பெரிய பரீட்ச எய்தினவ. உனுக்குச் சட்டம் தெரியாம பூடுமா?" என்றாள். சர்வகலாசாலை என்னிடம் ரோமாபுரி ராஜாக்களைப் பற்றித்தான் கேட்டது, மாட்டைப் பற்றிக் கேட்கவில்லை என்றேன். "அப்ப இன்னாத்துக்கு அவ்ளோ படிச்ச?" என்றாள்.

அவள் கையில் அப்பாவின் குடை இருந்தது. மான்கொம்புப் பிடி அப்படியே இருக்கிறது. துணி மட்டும் மூன்று தடவை மாறியிருக்கிறது. அதைக் கண்டதும் நான் பசுவையும் பணத்தையும் மறந்து 1887க்குப் போய்விட்டேன். அப்போது இங்கே மின்சார விளக்கு கிடையாது, ரயிலும் கிடையாது. பாறை இடிக்கும் ஆலைச் சத்தத்திலேயே தூங்கிப் பழகி, சத்தம் நின்றால்தான் விழித்துக்கொள்வோம். அப்பா சுரங்க ஸ்டோரில் மெழுகுவர்த்தியும் வெடித்திரியும் எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த வருஷம் அம்மாவின் இருமலுக்குப் பால் வேண்டுமென்று சனிக்கிழமைச் சந்தையில் ராஜப்பாவிடம் ஒரு பசுவுக்கு விலை பேசினார். துண்டுக்கடியில் விரலைப் பிடித்துப் பேசிய விலை பதினெட்டு ரூபாய். கையில் இருந்ததோ ஆறு. ராஜப்பா ஆறை வாங்கிக்கொண்டு பசுவை நம் கொட்டகையில் கட்டிவிட்டுப் போனார். தம் கயிற்றை மட்டும் அவிழ்க்கவில்லை. பூதிகோட்டை வழக்கம் உனக்குத் தெரியும். முழுப் பணமும் கைக்கு வந்த பிறகுதான் விற்றவர் தம் கயிற்றைத் திரும்பப் பெறுவார், வாங்கியவர் தம் கயிற்றைக் கட்டுவார். அதுவரைக்கும் பசு யார் கொட்டகையில் நின்றாலும் கயிற்றுக்காரருடைய பசுதான். அவர்கள் வீட்டுக் கயிறும் எங்கிருந்தாலும் தெரியும். ஆட்டு மயிரில் கறுப்பும் வெள்ளையுமாகத் திரித்தது.

சனிக்கிழமைதோறும் ராஜப்பா நம் வாசலில் வந்து நிற்பார். உள்ளே வரமாட்டார். கயிற்றை ஒரு பார்வை பார்த்து, "கீது" என்பார். அவ்வளவுதான், போய்விடுவார். பணத்தைப் பற்றி ஒரு சொல் கிடையாது. அந்தக் "கீது"வுக்கு அப்பா பயந்ததுபோல் எந்தத் துரைக்கும் பயந்ததில்லை. அந்த நாளில்தான் நீ வேலூருக்குப் படிக்கப் புறப்பட்டாய். வண்டி வாசலில் நிற்கிறது, படுக்கையைக் கட்டக் கயிறு அகப்படவில்லை. நீ கொட்டகைக்குள் போய்ப் பசுவின் கழுத்திலிருந்ததை அவிழ்த்துக் கட்டிக்கொண்டு, எல்லாரிடமும் ஜெபம் வாங்கிக்கொண்டு போய்விட்டாய். சாயங்காலம் அப்பா வந்து பார்த்தால் பசு வெறுங்கழுத்தோடு நிற்கிறது. "அடப்பாவி, என்னெத் திருடனாக்கிட்டுப் பூட்டானே!" என்று திண்டாடிப்போனார். அம்மாவின் கம்மலை வைத்துப் பன்னிரண்டு ரூபாய் புரட்டி, மறுநாள் காலை பத்து மைல் நடந்து பூதிகோட்டைக்குப் போனார். ராஜப்பா பணத்தை எண்ணாமலே மடியில் வைத்துக்கொண்டு கையை நீட்டினாராம்.

"கவுறு?"

"புள்ள வேலூருக்கு எட்த்துனு பூட்டான்."

"செரி சாமி. அது வர்ற வரிக்கும் கொடை இங்க இருக்கட்டும்."

அன்றைக்கென்று மழை பிடித்துக்கொண்டது. அப்பா நனைந்துகொண்டே திரும்பிவந்தார். கயிறு தொலைந்துவிட்டது என்று நீ எழுதினாய். குடை அங்கேயே தங்கிவிட்டது. அப்பா கடைசிவரை வேறு குடை வாங்கவில்லை. யாராவது கேட்டால், "என் கொடை பூதிகோட்டைல கீது" என்பார், ஏதோ அங்கே அவருக்கு ஒரு பங்களா இருப்பதுபோல.

இருக்கட்டும், முனிரத்தினத்துக்கு வருகிறேன். அவனுக்கு முதலில் ஒரு கடிதம் போட்டேன். மூன்று தடவை திருத்தி எழுதிய கடுமையான கடிதம். அவனுக்குப் படிக்கத் தெரியாது என்பது எனக்குத் தெரியாது. தபால்காரன் கொடுத்ததும் அதைத் தூக்கிக்கொண்டு, படித்தவர் யாரென்று விசாரித்து, நேரே என்னிடமே வந்து நின்றான். "டீச்சரம்மா, யாரோ எனுக்குக் காயிதம் போட்டுகிறாங்கோ. கொஞ்சம் படிச்சிச் சொல்லுங்க" என்றான். நாற்பது பெண்கள் வாய்ப்பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க, நான் எழுதிய வசவை நானே உரக்கப் படித்தேன். "மனச்சாட்சியை விற்றுத் தின்றவரே" என்ற இடத்தில் தலையை ஆட்டி ரசித்தான்.

"இன்னா ஜோரா எய்திகிறாங்கோ! யாருங்கம்மா அது?"

"நான்தான்."

"அதானே பார்த்தேன். படிப்புன்னா இது படிப்பு" என்று கும்பிட்டான். "கையோட எனுக்கும் இதுமாதிரி ஒண்ணு எய்திக் குடுங்கம்மா. ஒரு பெரிய மன்சன் எனுக்குப் பாக்கி. அவுரு குட்த்தா நான் இந்தம்மாவுக்குக் குட்த்துடுவேன்."

வியாபாரியின் சாக்குப்போக்குக்கு என் பேனா கிடையாது என்று சொல்லி அனுப்பினேன்.

பிறகு பார்வதம்மாவும் நானும் பாலகாட் சுரங்கத்துப் பக்கம் அவன் மாடு கட்டும் பட்டிக்கே போனோம். தூரத்தில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு கயிற்றைக் கண்டேன். அவளைக் கேட்டிருக்கலாம். கேட்காமல் போய்ப் பிடித்தேன். அது வேறு கயிறு, வேறு பிராணி, அதன் சுபாவமும் வேறு. சுரங்க மண்மேட்டின் அடிவாரம்வரை என்னை அழைத்துப்போய் விட்டது. செருப்பில் ஒன்று இன்னும் அங்கேதான் இருக்கிறது. மண்ணைத் தட்டிவிட்டு, சோடா உடைத்துக் கொடுத்தவன் முனிரத்தினம். எதிரியின் சோடாவைக் குடித்துவிட்டுக் கோபமாகப் பேசுவது கடினம், தம்பி. முயன்று பார்த்தேன்.

"பசு எங்கே?" என்றேன்.

"அது ரயிலேறிப் பூட்ச்சிம்மா."

"கவுறு?" என்றாள் பார்வதம்மா.

"அதோடதான் போச்சி. நான் மாத்தல."

அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரித்தாள். "மாத்தலயா? அப்ப இன்னும் அது என்துதான்டா!" திரும்பி வரும் வழியில் அழுதாள். அந்தப் பசுவுக்குத் தெலுங்குதான் தெரியுமாம். "ரா தல்லி", வா தாயே, என்று கூப்பிட்டால் நிற்குமாம். தமிழில் அதட்டினால் உதைக்குமாம். எந்த ஊரில் எவர் கையில் அடிபடுகிறதோ என்றாள்.

ஆகவே ஒரு சட்டம் வேண்டும். நீ மனு எழுதிக் கொடு. மைசூரில் தசராவுக்குக் கூடும் பிரதிநிதி சபையில் நம் தாலூகா ஆளைக் கொண்டு படிக்கச் செய்கிறேன். மாடு வாங்கும் வியாபாரி மறுநாள் பொழுது சாய்வதற்குள் பணம் கொடுக்கவேண்டும். தொழில் தொடங்குமுன் தாலூகா அமில்தாரிடம் ஜாமீன் கட்டியிருக்கவேண்டும். பணம் கொடுக்கும்வரை மாடும், அதை மறுபடி விற்று வரும் பணமும் குடியானவருடையதாகவே இருக்கவேண்டும், வியாபாரி அதற்குக் காவல்காரன் மாத்திரமே. அவனிடம் கடனுக்கு வாங்கி ஏமாற்றும் பெரிய மனிதர் யாரானாலும் அவர் பெயரைச் சனிக்கிழமைச் சந்தையில் தமுக்கடித்துச் சொல்லவேண்டும். இந்தக் கடைசிப் பகுதியை அழுத்தி எழுது. மைசூர் சமஸ்தானத்துக் கயிறு ரயிலேறி மதராஸ் ராஜதானிக்குப் போனால் அங்கே செல்லுமா என்பதையும் புத்தகத்தில் பார்.

சட்டம் வந்தால் மனிதர் திருந்திவிடுவார்கள் என்று நான் நம்பவில்லை. அப்பாவின் நாளில் ஒரு "கீது" போதுமாயிருந்தது. இப்போது அந்தப் பயத்தை யாராவது அச்சடித்துக் கொடுக்கவேண்டியிருக்கிறது.

பாக்கியவதிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு முத்தம். வருகிற வருஷத்தில் உங்கள் வீட்டில் நோயும் வழக்கும் நுழையாதிருக்க என் ஜெபம். வழக்கு உன் பிழைப்பு என்பதால், நோய் மட்டும் நுழையாதிருக்க.

இப்படிக்கு,
உன் அக்காள்,
லூயிசா.

பின்குறிப்பு: டிசம்பர் 21. உறையை ஒட்டப்போகும் நேரத்தில் முனிரத்தினமும் பார்வதம்மாவும் சேர்ந்தே வந்தார்கள். "எய்தித்தான் குடேன் டீச்சரம்மா. அவுனுக்கு வந்தாத்தானே எனுக்கு வரும்" என்றாள் அவள். அது நியாயமாகப் பட்டது. பேனாவை எடுத்து, யாருக்கு என்று கேட்டேன். முனிரத்தினம் மடியிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார். "பசுவின் கிரயம் ரூபாய் ஐம்பது அடுத்த மாதம் அவசியம் அனுப்புவேன்" என்று எழுதி, கீழே வேலூர் விலாசம். தேதி ஆவணி மாதத்தது. கையெழுத்தைப் பார்க்கவேண்டிய அவசியம் எனக்கு இருக்கவில்லை. அந்த எழுத்தை உனக்கு எழுதப் பழக்கியவள் நான்.

இந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாமா என்று யோசித்தேன். கிழிக்கவில்லை, பிரதிவாதி முழுவதும் படிப்பது நல்லது. தமுக்கடிக்கும் பகுதியை மட்டும் அடித்துவிடு. வியாபாரியைப் பற்றி "அவன்" என்று எழுதிய இடங்களிலெல்லாம் "அவர்" என்று திருத்திக்கொள்.

சீட்டை எழுதியவன் என் தம்பி என்று அவர்களிடம் சொல்லி, நாற்பது ரூபாயை என் சேமிப்பிலிருந்து எடுத்து நீட்டினேன். பார்வதம்மா வாங்கவில்லை. "கவுறு உன் வூட்லயா கீது? கீற வூட்லருந்துதான் பணம் வரணும்" என்றாள். அப்புறம், "நம்ப ஸ்டோர் அய்யா புள்ள வூட்லதானே கீது? பயமில்ல. அய்யா மாதிரி நடந்தே வந்துடும்" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள்.

மணியார்டர் அனுப்பாதே. சங்கராந்திக்கு முன் நீயே வா. பவுரிங்பேட்டையில் இறங்கினால் பூதிகோட்டை எட்டு மைல்தான். பாக்கியவதியை "ரா தல்லி" சொல்லப் பழகச் சொல்லிவிட்டு, பசுவின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்துக் கையோடு கொண்டு வா. போன வருஷம் வேலூருக்கு வந்தபோது உன் சட்டப் புத்தகப் பெட்டியைச் சுற்றி, கறுப்பும் வெள்ளையுமாக, இன்னொரு பழைய கயிற்றைப் பார்த்தேன். அதையும் கொண்டு வா. மழை வந்தால் போகும்போது நனைவாய். திரும்பும்போது குடை இருக்கும்.