மொட்டைக்கெல்லாம் திறந்த கதவு

என் முகம் என்னுடையதுதானா என்று நானே சந்தேகப்பட்ட ஒரு காலை உண்டு. தப்பு முழுக்க என்னுடையது. அம்மாவையும் பெருமாளையும் இதில் இழுக்கக்கூடாது. (கொஞ்சம் இழுக்கத்தான் போகிறேன்.)

பெரம்பலூரில் இன்ஜினியரிங் கடைசி வருடம். என் முகத்தைப் பார்த்தால் மட்டும் கதவைத் திறக்கும் பெட்டி ஒன்று செய்திருந்தேன். வேறு யாராவது நானாக நடித்து நின்றால் அது எத்தனை முறை ஏமாறுகிறது என்று அளப்பதுதான் புராஜெக்ட். அக்கா வீட்டுக்காரர், அதாவது என் மச்சான், என் சட்டை, என் கண்ணாடி, என் போட்டோ எல்லாவற்றையும் வைத்து முயன்று தோற்றார். ‘ஒருவரும் நுழையவில்லை’ என்று ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் போட்டேன். இதில் பாஸானால்தான் சென்னையில் கிடைத்திருந்த வேலை நிலைக்கும்.

தேர்வுக்கு முதல் நாள் அம்மா கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப்போனாள்.

“பாஸான பிறகுதானேம்மா மொட்டைன்னு வேண்டிக்கிட்ட?”

“முதல்லயே போட்டுட்டா பெருமாளுக்கு மறுக்க மனசு வராதுடா.”

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

மறுநாள் லேபில் மொட்டைத் தலையோடு பெட்டி முன் நின்றேன். ‘அனுமதி இல்லை.’ சிரித்துப் பார்த்தேன், முறைத்துப் பார்த்தேன், கெஞ்சினேன். ‘அனுமதி இல்லை.’ புது முகத்தைப் பதிந்தால் ரிப்போர்ட் பொய்யாகிவிடுமே என்று (என்ன ஒரு நேர்மை!) முகம் அச்சாகப் பொருந்த வேண்டும் என்ற பெட்டியின் கண்டிப்பை மட்டும் கொஞ்சம் தளர்த்தினேன். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். அப்பாடா, திறந்தது.

வெளியூரிலிருந்து எக்ஸாமினர் வந்தார். நல்ல மனிதர், தலையில் ஒரு முடி கிடையாது.

“இதுதானா தம்பி?” என்று குனிந்தார்.

‘வணக்கம், செல்வகுமார்’ என்று என் பெயரைச் சொல்லிக் கதவு திறந்தது.

“நான் நடிக்கக்கூட இல்லையே தம்பி, சும்மாதானே நின்னேன்?”

அடுத்து எங்கள் மேடத்தை நிற்கச் சொன்னார். இடுப்பு வரை சடை. ‘வணக்கம், செல்வகுமார்.’ எக்ஸாமினர் ரிப்போர்ட்டைப் புரட்டி, “ஒருவரும் நுழையவில்லை” என்று நிதானமாக வாசித்தார்.

ஃபெயில். வீட்டுக்குப் போகும் அரியலூர் பஸ்ஸில் மொட்டையில் துண்டைப் போட்டுக்கொண்டு வழியெல்லாம் அழுதேன். வாசலிலேயே “முடியாவது வளந்துரும்டா” என்றாள் அம்மா. வளர்ந்தது. ஆறு மாதம் கழித்துப் பாஸும் ஆனேன். சென்னைக்காரர்கள்தான் காத்திருக்கவில்லை.

இன்றைக்கும் கடைத்தெருவில் வழுக்கைத் தலையோடு யார் போனாலும் மச்சான் என்னை இடிப்பார்: “மாப்ள, உன் பேரைச் சொல்லிக் கூப்பிடு. திரும்பிப் பாப்பாரு.”